ஏழாவது பாட்டில் என் குரவை

1

என் குரல் ஒரு இசைத்தட்டில் ஒரு வருடம் இருந்தது. இப்போது இல்லை. எடுத்துவிட்டார்கள். எடுத்தது வேறு யாருமல்ல, என் மகள் மீரா.

இலங்கையில் எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள், இவள் எப்போது பாட்டுக்காரியானாள் என்று சிரிக்க வேண்டாம். நான் பாடவில்லை, குரவை போட்டேன். கலியாண வீட்டில் தாலி ஏறும்போதும், வைகாசியில் அம்மன் கோவிலில் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போதும் பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றிப் போடுவோமே, அதே குரவைதான். மீராவின் பங்க் ரொக் குழு அதைத் தங்கள் முதல் இசைத்தட்டில் ஏழாவது பாட்டில் வைத்தது. வெளியாகி ஒரு வருடம் ஆனதையொட்டி இப்போது இரண்டாம் பதிப்புப் போட்டிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு பிரதி தபாலில் வந்தது. இங்கே சுவிஸில் மூன்று தெரு தள்ளி இருக்கிற மகள் தாய்க்குத் தபாலில் அனுப்புகிறாள் என்றால், நாங்கள் எந்த லட்சணத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குத் துரோகம் நடந்திருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

2

பங்க் ரொக் என்றால் என்னவென்று எனக்கும் முன்பு தெரியாது. பாட்டென்றால் பல்லவி இருக்கும், சரணம் இருக்கும், நடுவில் புல்லாங்குழல் வரும் என்று பழகியவர்கள் நாங்கள். இதில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. இரண்டு பிள்ளைகள் கிற்றாரைப் போட்டு அடிப்பார்கள், ஒருத்தி ட்ரம்ஸை உடைப்பதுபோல அடிப்பாள், மீரா கத்துவாள். மனதில் இருக்கிற கோபத்தைப் பூச்சுப் பூசாமல் கத்துவதுதான் அந்த இசையாம். அவர்களுடைய பத்துப் பாட்டும் உலையில் போட்ட அரிசி வேகுவதற்குள் முடிந்துவிடும்.

குழுவில் நான்கு பெண்பிள்ளைகள். இரண்டு பேர் சுவிஸ்காரர், ஒருத்தியின் தாய்தகப்பன் கொசோவோவில் இருந்து வந்தவர்கள், நான்காவது மீரா. பாடுவதும் பாட்டு எழுதுவதும் அவள். அவர்கள் பாட்டுப் பழகும் இடம் ஒரு பங்கர். இந்த நாட்டில் மாடிக் கட்டடங்களுக்குக் கீழே, என்றைக்காவது யுத்தம் வந்தால் ஒளிப்பதற்கென்று கட்டி வைத்திருக்கிறார்கள். யுத்தம் வருவதில்லை. ஆகவே அதற்குள் உருளைக்கிழங்கு மூட்டையும் பனிச்சறுக்குப் பலகையும் வைக்கிறார்கள், மிச்ச இடத்தைப் பாட்டுக் குழுக்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புரியாணி கொண்டு போய்க் கொடுக்க முதல்நாள் இறங்கிய நான், அந்தத் தடித்த கொங்கிரீட் கதவைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டேன்.

"இறங்குங்க அம்மா, இது சும்மா பங்கர்" என்றாள் மீரா.

சும்மா பங்கர்! நாங்கள் தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, பாம்பு முதலில் வருமா ஷெல் முதலில் வருமா என்று பார்த்துக்கொண்டு கிடந்தது இவளுக்கு எங்கே தெரியப் போகிறது. நான் புரியாணிச் சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். சுவிஸ்காரர் வாயால் பேசுகிற ஜெர்மன் வேறு, எழுதுகிற ஜெர்மன் வேறு. பேசுகிறதை வேலைத்தலத்தில் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். கிழவிகளோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு எனக்கு அது வரும். எழுத்து ஜெர்மன் மட்டும் இன்றைக்கும் முள்ளாய்த்தான் நிற்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பேச்சுப் பரீட்சையில் நல்ல புள்ளி கிடைத்தது. எழுத்துப் பரீட்சையில், சலவை இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். சலவை இயந்திரம் பழுதானால் நானே கழற்றிப் பார்ப்பேன், கடிதம் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்துவிட்டது. இன்றுவரை மகள் சுவிஸ் பிரஜை, தாய் இலங்கைப் பிரஜை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மீராவின் குழு பாடுவது எழுத்து ஜெர்மனில். ஜெர்மனியிலும் விற்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஆகவே அவள் கத்துவதில் எனக்கு நாலில் ஒரு பங்குகூட விளங்காது. விளங்காவிட்டால் என்ன, என் பிள்ளை பாடுகிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

3

இசைத்தட்டுக்கு முன்னால் ஒரு முடிக் கதை இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மீரா தலையின் இடப்பக்கத்தை வழித்துவிட்டு வந்து நின்றாள். வலப்பக்கம் தோள்வரை முடி, இடப்பக்கம் மொட்டை. நான் சமையலறைக் கதிரையில் இருந்து அழுதுவிட்டேன். அவள் சிரித்தாள்.

"முடிக்கு அழுறீங்களா அம்மா? முடி வளரும்."

"உனக்கு அது விளையாட்டு. உன்ட சித்திக்கு முடி போனப்ப நாங்க அழுத அழுகை உனக்குத் தெரியுமா?"

வாய் தவறி வந்துவிட்டது. பிறகு அவள் விடவில்லை. கிண்டிக் கிண்டிக் கேட்டாள். நான் சொன்னேன்.

சுகந்தி என் தங்கை, என்னைவிடப் பத்து வயது இளையவள். பதினைந்து வயதில் ரியூசனுக்குப் போன வழியில் அவளை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அம்மா ஊருக்குத் தெரியாமல் ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் மண் அள்ளித் தூற்றிவிட்டு வந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, கிழக்கில் இயக்கம் இரண்டாகப் பிளந்த நாட்களில், பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு மத்தியானம் சுகந்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே கிடந்த முடி காதோடு நின்றது.

அந்த நேரம் குட்டை முடிதான் அடையாளம். சந்தியில் நின்ற ஆமிக்கும் அதுதான் அடையாளம், திரும்பவும் பிள்ளை பிடிக்க வந்தவர்களுக்கும் அதுதான் அடையாளம். நான் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய், பின்னலோடு சேர்த்துக் கட்டுகிற சவுரிமுடி ஒன்று வாங்கினேன். கடைக்கார முஸ்லிம் நானா என் தலையைப் பார்த்தார். எனக்கு நீளமான பின்னல். ஒன்றும் கேட்காமல் நல்ல கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்து, "இந்த வருசம் சவுரி கனக்க விக்குது மகள்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் சுகந்தியை முன்னால் இருத்தி, சவுரி வைத்துப் பின்னிவிட்டது நான்தான். அவள் பேசாமல் இருப்பாள். நான் அழுதுகொண்டே பின்னுவேன். அடுத்த வருடம் நான் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். பின்னுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள்.

முடி வளர்ந்தது. பனிச்சங்கேணியில் இருந்து நேசனின் சம்பந்தம் வந்தது. இயக்கத்துக்குப் போய்வந்த பெண்பிள்ளை என்றால் படலைக்கு வெளியே நின்றே திரும்பிப் போகிற காலம் அது. அவளைக் கொண்டு போன நாளிலிருந்தே ஊருக்கும் சொந்தக்காரருக்கும் சொல்லி வைத்திருந்ததுபோல, அந்த ஒரு வருடமும் பிள்ளை டவுனில் தையல் பழகினாள் என்று சொன்னோம். நேசன் நம்பினார். நமது பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார், வலையோடும் தோணியோடும். ஒரு மகள் பிறந்தாள், தர்சினி. குடும்பம் நன்றாகத்தான் ஓடியது. அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடிய பிறகு உண்மை தெரிந்தவர்கள் நானும் சுகந்தியும் மட்டுமே.

"இத உன்னோட வெச்சுக்க மீரா. சித்தப்பாக்குத் தெரியா. தர்சினிக்கும் தெரியா" என்று சொல்லித்தான் முடித்தேன்.

"ஓம் அம்மா" என்றாள். அந்த "ஓம்" எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

4

சில மாதம் கழித்து மீரா வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, எங்கட பாட்டுக்கு நீங்க குரவை போட்டுத் தருவீங்களா?"

மொட்டை அடித்த நாளிலிருந்து என்னோடு ஒழுங்காகக் கதைக்காத பிள்ளை. தமிழ் வகுப்பைப் பாதியில் விட்ட பிள்ளை. கோவிலுக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி வருகிற பிள்ளை. அவள் வந்து குரவை கேட்கிறாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. லீவு போட்டேன். அலுமாரியைத் திறந்து காஞ்சிபுரம் சேலையை எடுத்தேன். குரல் பதிவுக்குச் சேலை எதற்கு என்று என் கணவர் கேட்டார். குரவைக்குச் சேலை வேண்டாமா, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

ஸ்டூடியோ ஒரு பழைய பால் தொழிற்சாலையில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. நடுவில் ஒரு ஒலிவாங்கி. காதில் ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்கிற பெடியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டினான். நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. குரவை தனியாகப் போடுகிற காரியமா? ஒருத்தி தொடங்க, பத்துப் பேர் எடுக்க, மேளம் சேர்ந்துகொள்ள வேண்டும். பஞ்சுச் சுவருக்கு முன்னால் தனியாக நின்று யாருக்குப் போடுவது? அப்போது மீரா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கொசோவோப் பிள்ளை தங்கள் ஊர்க் கலியாணத்திலும் இப்படி ஏதோ செய்வார்கள் என்று சொல்லி அவளும் வந்து நின்றாள். பிறகு வந்ததே ஒரு குரவை! கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெடியன் காதில் இருந்ததைக் கழற்றி எறிந்தான்.

முடிந்ததும் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். என் குரலைப் பயன்படுத்த எனக்குச் சம்மதம் என்று அதில் இருக்கிறதாம். இந்த நாட்டில் ஒருவர் தும்மினாலும் பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேட்பார்கள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

பாட்டு எதைப் பற்றி என்று கேட்டேன். "பெண்களைப் பற்றி" என்றாள். பாட்டின் பெயர் "நீளம்" என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல். பாதையின் நீளமாக்கும், பயணத்தின் நீளமாக்கும் என்று நானே ஒரு பொருளை உண்டாக்கிக்கொண்டேன்.

5

இசைத்தட்டு வெளியான அன்று நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. கனடா, லண்டன், கொழும்பு, செட்டிபாளையம் என்று ஒருவர் மிச்சமில்லை. அதில் காலை வணக்கமும் அம்மன் படமும் செத்தவீட்டுச் செய்தியும் வரும். நான் அதில் மீராவின் இசைத்தட்டின் இணைப்பைப் போட்டு, "ஏழாவது பாட்டைக் கேளுங்கோ, குரவை நான்தான்" என்று எழுதினேன். அதோடு நின்றேனா? தனித்தனியாகவும் அனுப்பினேன். சுகந்திக்கு அனுப்பினேன். நேசனுக்கு அனுப்பினேன். தர்சினிக்கு அனுப்பினேன்.

வாழ்த்துகள் குவிந்தன. கனடாவில் இருக்கும் சின்னம்மா, "பாட்டு காதைக் கிழிக்குது, குரவை நல்லா இரிக்கி" என்று குரல் அனுப்பினாள். சுகந்தி ஒரு பூப்போட்டாள். எல்லோரும் என் குரவை வருகிற இடத்துக்கு ஓட்டிக் கேட்டார்கள். சொல் யாருக்கும் விளங்கவில்லை, விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தர்சினிக்கு விளங்கியது.

தர்சினி ஓஎல் பரீட்சை முடித்துவிட்டுப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை பழகுகிறாள். ஜெர்மன்காரர் நிறைய வருகிற இடம். ஹோட்டலிலேயே மொழி வகுப்பு வைத்தார்கள். "படி புள்ள, கெட்டியாப் படி, உன்ன இஞ்ச எடுக்கிறது என்ட பொறுப்பு" என்று உசுப்பேற்றி, தடித்த அகராதி ஒன்றை அனுப்பி வைத்தவள் நான். அவள் படித்தது எழுத்து ஜெர்மன். நான் இருபது வருடத்தில் படிக்காததை அவள் ஒன்றரை வருடத்தில் படித்துவிட்டாள். போதாததற்கு, இந்தக் காலத்தில் பாட்டு ஓடும்போதே சொற்கள் வரிவரியாகத் திரையில் ஓடுகின்றன.

6

"பெரியம்மா, வேலையில நிக்கிறீங்களா?"

"இல்ல புள்ள, வந்துட்டன். சொல்லு."

"மீராக்காட ஏழாவது பாட்டக் கேட்டன்."

"எப்பிடி நம்மட குரவை?"

"நல்லம். பெரியம்மா, அந்தப் பாட்டில வாற பொம்பிள ஆரு?"

"எந்தப் பொம்பிள?"

அவள் வாசித்தாள். ஒரு வரி ஜெர்மன், ஒரு வரி தமிழ். ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குக் கட்டணம் சொல்கிற அதே நிதானத்தோடு வாசித்தாள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வீடு. பதினைந்து வயதில் படிக்கப் போன வழியில் கொண்டு போனார்கள். முடியை வெட்டினார்கள். வெட்டிய முடி நிலத்தில் விழுந்தது. அந்த இடத்தில்தான் என் குரவை. பிறகு, வீட்டுக்கு வந்தவளுக்கு அக்கா ஒவ்வொரு காலையும் பொய் முடி கட்டினாள். தங்கை அழுதாள். இன்றைக்கும் அவளுடைய புருசனுக்குத் தெரியாது.

"உங்களுக்கு ஒரு தங்கச்சிதானே பெரியம்மா இரிக்கிற?"

"அது மீராட கற்பனை புள்ள. பாட்டுக்காரர் அப்பிடித்தான் எழுதுவாங்க."

"கற்பனையெண்டா ஏன் அழுறீங்க?"

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள், "நான் நேத்து வீட்ட போன. அம்மாட்டக் கேட்டுட்டன். அப்பாவும் அங்கதான் கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டு இருந்தார்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஓம் எண்டா."

"அப்பா?"

"எழும்பி, சேட்டப் போட்டுக்கிட்டு பனிச்சங்கேணிக்கு பஸ் ஏறிட்டார். இன்னும் வரல்ல."

போனை வைத்துவிட்டு அந்த ஏழாவது பாட்டை நானே போட்டேன். கலியாண வீட்டுக்குப் போடுகிற குரவையை, கோவிலில் அம்மனுக்குப் போடுகிற குரவையை, என் தங்கையின் முடி விழுந்த இடத்தில் போட்டிருக்கிறேன். செத்தவீட்டில் குரவை போடாத சாதி நாங்கள். நல்ல சேலை வேறு கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

7

மீரா வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் பேர் சொல்லல்ல அம்மா. ஊர் சொல்லல்ல."

"வாவிக்கும் கடலுக்கும் நடுவில எண்டு சொன்னா நம்மட ஊரில்லாம சூரிச்சா?"

"இஞ்ச கேக்கிற ஆக்களுக்கு அது ஆரெண்டு தெரியா. நான் உங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் அனுப்பல்ல. நீங்கதான் அனுப்பினீங்க."

"நீ சொல்லியிருந்தா அனுப்பியிருப்பனா?"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க." அவளுக்கும் கண் கலங்கியது. "சித்தி என்ன பிழை செஞ்சவ? சின்னப் பிள்ளையப் பிடிச்சிட்டுப் போனது அவங்கட பிழை. பிறகு என்னத்துக்கு அவ ஒளிச்சிட்டு வாழணும்? எனக்கு அதுதான் கோபம். நான் அந்தக் கோபத்தத்தான் பாடின."

நல்ல நியாயம். யாருடைய கோபத்தை யார் பாடுவது? தன் கையில் கோபம் இல்லாத பிள்ளைகள் தாயின் சமையலறையில் இருந்து கோபம் இரவல் எடுத்துப் பாடுகிறார்கள். என் குரலுக்கு முறையாகக் கடதாசி நீட்டிச் சம்மதம் வாங்கினார்களே, சுகந்தியின் வாழ்க்கைக்கு யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்? இதைக் கேட்டேன்.

பாட்டை எடுத்துவிடு என்றேன். அது நான்கு பேரின் பாட்டு, தனியாக முடிவெடுக்க முடியாது என்றாள். கூடிப் பேசினார்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் மீரா அந்தக் கொசோவோப் பிள்ளையோடு சேர்ந்து வீடெடுத்துக்கொண்டு போனாள். என் கணவர் அவளுடைய அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

8

சுகந்தி குடும்பக் குழுவில் இருந்து விலகினாள். நான் போன் எடுத்தால் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமை எடுத்தேன், பிறந்தநாளுக்கு எடுத்தேன், பொங்கலுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓயும். குழுவில் மற்றவர்கள் ஒன்றும் நடக்காததுபோல அம்மன் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் தனியாக எனக்கு அனுப்பினார்கள். "இவ்வளவு நாளும் எங்களுக்கே சொல்லல்லியே" என்று கனடாச் சின்னம்மா கோபித்தாள். அவளுக்கும் துரோகமாம்.

தர்சினிதான் எப்போதாவது ஒரு செய்தி அனுப்புவாள். அப்பா பனிச்சங்கேணியில் தன் தாய் வீட்டில் இருக்கிறார், தோணி இங்கே கரையில் கிடக்கிறது, அம்மா அதை ஒரு நாள் கழுவினா, இப்படி. நான் காலையில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே அந்தத் தோணியை நினைப்பேன். நமது பக்கத்தில் வீடு பெண்ணுடையது. ஆம்பிளை கோபித்தால் அவர்தான் வெளியே போவார். ஆகவே சுகந்தியைப் படலைக்கு வெளியே தள்ள யாராலும் முடியாது. அந்த ஒன்றை நினைத்து மட்டும் ஆறுதல் பட்டேன்.

எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். அவளுக்காக அழுதவள் நான். பஸ் ஏறிப் போய்ச் சவுரி வாங்கியவள் நான். அத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள் நான். துரோகம் செய்தவள் மீரா. ஆனால் சுகந்தி என்னோடல்லவா கதைக்காமல் இருந்தாள்.

9

போன வெள்ளிக்கிழமை இரண்டாம் பதிப்பு வந்தது என்று சொன்னேன். உடனே ஏழாவது பாட்டைப் போட்டேன். பாட்டை எடுத்திருக்கவில்லை. முடி விழுகிற இடம் வந்தது. என் குரவை இல்லை. அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை, ட்ரம்ஸ்கூட நின்றுவிட்டது. சரி, தாயின் குரலை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தக் கையை நீட்டினேன். பாட்டின் கடைசியில் ஒரு குரவை வந்தது.

என்னுடையது இல்லை. ஸ்டூடியோவில் எடுத்ததும் இல்லை. பின்னால் காகம் கத்துகிறது. யாரோ வாளியை வைக்கிறார்கள்.

மீராவுக்குப் போன் எடுத்தேன். "ஆர்ர குரல் இது?"

"சித்திட."

"எந்தச் சித்தி?"

"எனக்கு எத்தின சித்தி அம்மா?"

சண்டை நடந்த அடுத்த வாரமே மீரா சுகந்திக்குப் போன் எடுத்திருக்கிறாள். சுகந்தி வைத்துவிட்டாள். திரும்பவும் எடுத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு, பாட்டை எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாள். சுகந்தி ஒரு மாதம் யோசித்துவிட்டு, எடுக்க வேண்டாம், திருத்து என்றாளாம். எதை எங்கே திருத்த வேண்டும் என்று அவளே சொன்னாளாம். தர்சினி மொழிபெயர்த்தாளாம். குரவையை அவளே போட்டு அனுப்பினாளாம்.

இந்த ஒரு வருடமும் எனக்குத் தெரியாமல்.

நான் சுகந்திக்குப் போன் எடுத்தேன். அன்றைக்கு அவள் போனைத் தூக்கினாள்.

"சொல்லுங்க அக்கா" என்றாள், நேற்றுத்தான் கதைத்ததுபோல.

"நீ அவளுக்குக் குரவை போட்டுக் குடுத்தியா?"

"ஓம்."

"நேசன் உன்ன உட்டுட்டுப் போய் இரிக்கக்குள்ளயா?"

"அவர் இப்ப வாரத்துக்கு ஒருக்கா பஸ் ஏறிச் சாப்பாட்டுக்கு வாறார். படுக்க வாறல்ல. இயக்கத்துக்குப் போனதுக்கு அவருக்குக் கோபமில்ல அக்கா, அவர்ர தமையனும் போனவர்தானே. இவ்வளவு நாளும் பொய்யோட வாழ்ந்தன் எண்டுதான் கோபம். அது நியாயம். வருவார், வராட்டியும் நான் இஞ்சதான் இரிக்கன்."

"எனக்குச் செஞ்ச துரோகத்த அவள் உனக்கும் செஞ்சவள். நீ அவளோட சேந்துட்டாய்."

"அவள் செஞ்சது பிழைதான். ஆனா அவள் வந்து கேட்டவள் அக்கா. எங்க பிழை, எப்பிடி மாத்தணும் எண்டு கேட்டவள். அந்தப் பாட்டில நான் அழுதன் எண்டு கிடந்த. நான் அழல்ல. அத மாத்தச் சொன்ன. சவுரி எனக்குப் பிடிக்கல்ல எண்டும் போடச் சொன்ன."

"பிடிக்கல்லியா? ஏன் எனக்குச் சொல்லல்ல? ஒவ்வொரு நாளும் நான்தானே..."

"நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க அக்கா. அழுறவங்களிட்ட எப்பிடிச் சொல்ற?"

அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

பிறகு தர்சினியிடம் கேட்டேன். பெரியம்மா, அம்மாவும் மீராக்காவும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கதைக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.